பாசிட்டிவ் என்றால் டைபாய்டா?



"மலருக்குக் கவிதை குடுடி, லேப் சமாச்சாரம் யார் படிப்பா?" என்றாள் என் தோழி. கவிதை எனக்கு வராது. கோபம் வரும். அதனால்தான் இந்தக் கட்டுரை.

சென்ற ஆண்டு என் அம்மாவுக்குக் கடும் காய்ச்சல். பக்கத்து லேபில் 'விடால்' டெஸ்ட் எடுத்தோம். ஸ்லைடில் ஒரு சொட்டு சீரம், ஒரு சொட்டு ஆன்டிஜென். ஒரு நிமிஷம் ஆட்டியதும் மணல் மணலாகத் திரண்டதாம். ரிப்போர்ட்டில் ஒரே வார்த்தை: பாசிட்டிவ். டைபாய்டு மாத்திரை ஆரம்பமாயிற்று. எட்டு நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லை. ஒன்பதாம் நாள் பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா, அக்குளில் சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கைக் கண்டுபிடித்தார். ஸ்க்ரப் டைபஸ்! புதரில் இருக்கும், கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சியின் குஞ்சு கடித்து வருவது. டாக்சிசைக்ளின் கொடுத்த இரண்டாம் நாளே அம்மா கஞ்சி கேட்டாள்.

"அப்போ அந்த லேப் பொய் சொல்லிச்சா?" என்றான் தம்பி. பொய் இல்லை, அதுதான் விஷயமே.

நம் சைக்கிள் ஸ்டாண்டில் ஒருத்தர் பூட்டை இன்னொருத்தர் சாவி திறப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆன்டிபாடியும் அப்படித்தான். அது கிருமியின் பெயரைக் கேட்பதில்லை. மேலே உள்ள ஒரு சின்ன வடிவத்தைத்தான் பிடிக்கிறது. டைபாய்டு கிருமியின் 'ஓ' ஆன்டிஜெனில் 9, 12 என்று அடையாளங்கள் உண்டு. அந்த 12 பாராடைபாய்டு ஏ, பி இரண்டிலும் இருக்கிறது. முட்டை, கோழிக்கறி வழியாக வயிற்றைக் கெடுக்கும் சால்மோனெல்லா என்டெரிடிடிஸிலோ 9, 12 இரண்டுமே இருக்கின்றன! என்றோ வந்துபோன பங்காளிக் கிருமிக்கு உடம்பு செய்த ஆன்டிபாடி, இன்று ஸ்லைடில் வந்து திரண்டால் நாம் என்ன கண்டோம்?

இதே குழப்பத்தையே கருவியாக்கியவர்களும் உண்டு. 1916-இல் வெயில், பெலிக்ஸ் என்ற இருவர், டைபஸ் நோயாளியின் சீரம் புரோட்டியஸ் என்ற வேறொரு பாக்டீரியாவைத் திரட்டுவதைக் கவனித்தார்கள். புரோட்டியஸ் அந்த நோய்க்குக் காரணமே இல்லை. இரண்டின் மேலும் உள்ள சர்க்கரைச் சங்கிலி ஒரே சாயல், அவ்வளவுதான். அம்மாவுக்கு வந்ததற்கும் அப்படி ஒரு புரோட்டியஸ் உண்டு, ஓ.எக்ஸ்.கே. துல்லியம் குறைவு என்பதால் இப்போது எலிசா பார்க்கச் சொல்கிறார்கள்.

ஆக, டெஸ்ட் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த ஒற்றை வார்த்தை மேல்தான். முதல் வாரத்தில் பிளட் கல்ச்சர். இல்லையென்றால் டியூபில் நீர்த்துப் பார்த்து அளவு எழுதி, ஏழெட்டு நாள் கழித்து மறுபடி எடுத்து நான்கு மடங்கு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது. இது நம் பாடத்திலேயே இருக்கிறது. "நோயாளி சாயங்காலமே ரிப்போர்ட் கேட்கிறாரே, காசுக்கு எங்கே போவார்?" என்பார்கள். நியாயம்தான். எங்கள் வீட்டில் வீணான எட்டு நாளின் மாத்திரைக் காசையும், அப்பா இழந்த கூலியையும் யார் கணக்கு வைத்தார்கள்?

பயிற்சிக்குப் போன இடத்தில் ஒரு ரிப்போர்ட்டில் நான், "ஓ 1:80, எச் 1:80. ஒரு வாரம் கழித்து மறுபடி பார்க்கவும்" என்று எழுதினேன். சீனியர் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"டாக்டர் கேட்டாராம்மா?"

"கேட்கலை அண்ணே."

பேனாவை நீட்டி, அடித்துவிட்டு ஒரே வார்த்தையில் எழுதச் சொன்னார். நான் வாங்கவில்லை.