மிளகு மணக்கும் முந்திரிகை

இத்தாலியின் வடகிழக்குக் கோடியிலே, சுலோவேனியா எல்லையை அடுத்துள்ளது பிரெப்பொத்தோ என்னுஞ் சிற்றூர். அதன் மலைச்சரிவுகளுக்கு உரியது ‘ஸ்கியொப்பெத்தீனோ’ என்னுங் கருமுந்திரிகை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியத் தோட்டங்களைப் பாழாக்கிய பிலொக்சரா என்னும் பூச்சி, இதன் வேரையும் அரித்தது. மீண்டும் நட்டவர்கள் பிறநாட்டு இனங்களையே பெரிதும் நாடினர். பின்னர் சட்டம் வகுத்த அனுமதிப் பட்டியலிலும் இதன் பெயர் இடம்பெறவில்லை. பிறந்த மண்ணிலேயே அதனை நடுவது குற்றமாயிற்று!

1970ஆம் ஆண்டிற் சால்லாப் பள்ளத்தாக்கிற் குடியேறிய பாவுலோ, தீனா ரப்புட்சி தம்பதியர், எஞ்சிநின்ற கொடிகளைத் தேடிப் புறப்பட்டனர். கிடைத்தவை நூற்றுக்குங் குறைவே. அவற்றைப் பெருக்கித் துணிந்து நட்டனர். தண்டனைக்கு அஞ்சவேண்டியவர்களுக்கு 1976இற் கிடைத்ததோ பரிசு! மறைந்துவரும் கொடியினங்களைக் காக்கவென நொனீனோ குடும்பத்தார் நிறுவிய ‘ரீசித் தாவுர்’ விருதே அது. அந்தப் பத்தாண்டு முடியுமுன் சட்டமும் இணங்கியது. இன்று சிற்றளவில் வடிக்கப்படும் இச்செவ்வைனைச் சுவையறிந்தோர் போற்றுகின்றனர்.

இதன் தனிச்சிறப்பு மிளகு வாசனை. நம் அடுக்களை மிளகுக்கு மணமூட்டும் ‘ரொட்டண்டோன்’ என்னும் பொருளே இப்பழத்தின் தோலிலும் உண்டு.

மதுவுக்காக நாம் பரிந்துரைக்க வரவில்லை. மாணவர்கள் சிந்திக்கவேண்டியது வேறொன்று. சட்டத்தின் பிழையைச் சட்டமே பின்னர் திருத்திக்கொண்டது. ஆனால், அந்தச் சில கொடிகளும் அதற்குமுன் பட்டுப்போயிருப்பின், எந்தச் சட்டம் அவற்றை முளைக்கச் செய்திருக்கும்?