தண்ணூற்றும் தண்பொருநையும்

கால்டுவெல் என்னும் பெயரை அறியாத தமிழன்பர் இலர். அப்பெயரின் பொருள் யாதென வினவினோரோ மிகச் சிலரே.

அது குடிப்பெயர்; அவர்தம் இயற்பெயர் இராபர்ட்டு. பழைய ஆங்கிலத்தில் 'கால்டு' என்பது குளிர்ச்சியையும், 'வெல்லா' என்பது ஊற்றையும் ஓடையையும் குறிக்கும். இரண்டும் கூடித் 'தண்ணூற்று' எனும் ஊர்ப்பெயராயின. இங்கிலாந்திலும் இசுக்காட்டுலாந்திலும் அப்பெயரிய ஊர்கள் உள. அங்கிருந்து பெயர்ந்தோரை அயலார் ஊர்ப்பெயராலே அழைக்க, அதுவே வழிவழி நிலைத்தது. தென்னிங்கிலாந்தில் அக்கூட்டுச்சொல்லே 'சாட்வெல்' எனத் திரிந்தது. மாங்குடி மருதனாரையும் ஆலத்தூர் கிழாரையும் ஊரால் அறிந்த நமக்கு இவ்வழக்குப் புதிதன்று.

1814இல் அயர்லாந்தில் இசுக்காட்டுப் பெற்றோர்க்குப் பிறந்த அவர், 1838இல் சென்னைக்கு வந்து, 1841இல் இடையன்குடியில் அமர்ந்தார். தேரிமணலும் பனையும் பரந்த நிலம் அது. தண்ணூற்றுக் குடியினர் வந்து சேர்ந்தது தண்ணீர் அருகிய மண்ணுக்கு! அங்கு வாழ்ந்து ஆய்ந்ததன் பயனே 1856இல் வெளிவந்த ஒப்பிலக்கணம். மொழிக்குடும்பத்துக்குத் 'திராவிடம்' என வடநூல்வழிப் பெயரை அவர் தேர்ந்தது நமக்கு உவப்பன்று. அதனைப் பிறிதோரிதழில் ஆய்வோம்.

'தண்ணூற்றார்' என்றே அவரை எழுதினாலென்ன என்பர் சிலர். அது தகாது. வேதாசலனார் மறைமலையடிகளானதும், சூரியநாராயண சாத்திரியார் பரிதிமாற் கலைஞரானதும் தாமே விரும்பிக் கொண்டவை. பிறர் பெயரைத் தமிழொலிக்கு இசைவித்தலே நம் கடன். லகர, டகர, வகர மெய்கள் மூன்றும் அடுத்தடுத்து நிற்பதைத் தமிழ் ஏலாது; ஆதலின் டகரம் உகரம் பெற்றுக் கால்டுவெல் ஆயிற்று. அவ்வளவே போதும்.

'கால்டு' நம் 'குளிர்' என்பதன் திரிபே என மகிழ்வாரும் உளர். செருமானியத்திலும் 'கல்ட்டு' என வழங்கும் அச்சொல் அவ்வினமொழிகளுக்கு உரியது. ஓசை ஒத்தல் ஒன்றே உறவாகாது. ஒழுங்கான ஒலித்திரிபு காட்டல் வேண்டும். பொய்ச்சான்று ஒன்று பிடிபட்டால் நம் மெய்ச்சான்று நூறும் ஐயுறப்படும்.

நாம் மாற்றவேண்டிய பெயர் நம் காலடியிலேயே ஓடுகின்றது. பொதியத்திற் பிறந்து, நெல்லையை நனைத்து, புன்னைக்காயலருகே கடல்சேரும் ஆற்றுக்குப் பொருநை, தண்பொருநை என்பன பழந்தமிழ்ப் பெயர்கள். நம்மாழ்வார் 'பொருநல்' என்பார். (கருவூர் ஆன்பொருநை வேறு, இரண்டையும் குழப்பற்க.) தாமிரபரணி என்பதோ 'செவ்விலையுடையது' எனப் பொருள்படும் வடசொல். எங்கோ ஒரு சிற்றூரின் குளிரூற்றைத் தம் பெயரில் வைத்துக் கடல் கடந்தும் காத்தது ஒரு குடி. நாமோ ஆற்றங்கரையில் இருந்துகொண்டே அதன் தண்மையை மறந்தோம்.

சிவகளைத் தாழியிற் கிடைத்த நெல் 3,200 ஆண்டுப் பழமையது என 2021இல் சட்டமன்றத்தில் அறிவித்த தமிழ்நாட்டரசு, நெல்லை அருங்காட்சியகத்துக்குப் 'பொருநை' எனப் பெயரிடுவதாகவும் அறிவித்தது. மகிழ்ந்தோம். ஆயினும் ஆற்றுக்கு அலுவல்முறைப் பெயர் இன்றும் தாமிரபரணியே. நெல்லை, தூத்துக்குடி மாவட்டத்து ஆசிரியப் பெருமக்கள் இத்திங்கள் முதற்கொண்டே மாணவர் நிலப்பட ஏட்டில் 'பொருநை' என எழுதுவிக்கத் தொடங்குக. அரசாணை பின்னர் வரட்டும்.