சுதேசிப் பூட்டு

மத்திய அரசு ஊழியர்கள் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் ஸோஹோ என்ற மென்பொருள் நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. ஏழு ஆண்டு ஒப்பந்தம். தென்காசி வரை வேலை கொண்டுபோன நிறுவனத்தின் மீது நமக்கு வருத்தமில்லை. வந்த ஆர்டரை எந்த வியாபாரிதான் விடுவார்? கோபமெல்லாம் கொடுத்தவர்கள் மீதுதான்.

அரசுக்கு வாங்கும் மென்பொருளில், மூலநிரலை எவரும் படிக்கக்கூடிய திறந்த மூலத்துக்கே முன்னுரிமை, அதை ஒதுக்கினால் காரணம் சொல்ல வேண்டும் என்று 2015-இல் கொள்கை எழுதியவர்களும் இவர்களே. அந்தக் காரணம் எங்கே? அந்நிய நிறுவனத்திடம் நம் கடிதங்கள் இருக்கக் கூடாது என்கிறார்கள். சரிதான். ஆனால் மூலநிரல் பூட்டிய அறையில் இருக்கும்வரை, பூட்டு எந்த ஊரில் செய்ததாக இருந்தால் என்ன? உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியார் எவரும் படித்துப் பார்க்க முடியாது. நாளை ஸோஹோ கட்டணத்தை உயர்த்தினாலோ, நிறுவனமே கை மாறினாலோ, அதே மென்பொருளை வேறொருவரிடம் கொடுத்து நடத்தச் சொல்ல வழியில்லை. ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 40,000-க்கும் மேற்பட்ட அஞ்சல் பெட்டிகளை மைக்ரோசாஃப்டிடமிருந்து திறந்த மூல மென்பொருள்களான ஓப்பன்-எக்ஸ்சேஞ்சுக்கும் தண்டர்பேர்டுக்கும் மாற்றி, 2025 அக்டோபரில் வேலையை முடித்தது. அங்கே முடிந்தது. மென்பொருள் ஏற்றுமதியில் மார்தட்டும் நாட்டில் முடியாதாம்!

உலாவி விவகாரம் இதைவிட வேடிக்கை. மத்திய அரசு நடத்திய ‘இந்திய உலாவி’ போட்டியில் முதல் பரிசு ஒரு கோடி ரூபாய் பெற்றதும் ஸோஹோதான். அதன் ‘உலா’ உலாவி நிற்பது குரோமியம் மீது. அது கூகுள் முன்னின்று வளர்க்கும் திறந்த மூலத் திட்டம். ஆக, பரிசு கொடுக்கத் திறந்த மூலம் இனிக்கிறது, வாங்கும்போது மட்டும் கசக்கிறது. இணையதளங்கள் அசல்தானா என்று உறுதி செய்ய உதவும் இந்திய அரசின் மூலச் சான்றிதழை உலாவி நம்ப வேண்டும் என்பது அந்தப் போட்டியின் விருப்பங்களில் ஒன்று. மற்ற உலாவிகள் ஏன் நம்பவில்லை? 2014-இல் அரசின் சொந்தச் சான்றிதழ் அமைப்பிலிருந்தே கூகுள், யாகூ பெயர்களில் போலிச் சான்றிதழ்கள் வெளிவந்ததை அதற்குள் மறந்துவிட்டோமா?

மறதி இவர்களுக்குப் புதிதல்ல. 2021-இல் ‘சுதேசி ட்விட்டர்’ என்று கூ செயலிக்கு அமைச்சர்கள் குடிபெயர்ந்தார்கள். 2024-இல் அந்தக் கடையே மூடப்பட்டது. நம் சென்னையில் அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய திறந்த மூல இயங்குதளமான பாஸ் லினக்ஸ் எத்தனை அமைச்சக மேசைகளில் ஓடுகிறது என்று கேட்டால், பதில் சொல்ல ஆளிருக்குமா?

ஸோஹோ ஒப்பந்தம் முடியக் காத்திராமல், மாற்றுவழிக்கு இப்போதே ஏதாவது ஏற்பாடு செய்தாக வேண்டும். 2015 கொள்கையை மதிக்க மனமில்லை என்றால், அதை அரசிதழிலேயே ரத்து செய்துவிடட்டும்.