வாவிக் காற்றும் வாகனப் புகையும்

நாற்புறமும் நீர் சூழ்ந்த புளியந்தீவில் வாழ்வோர்க்கு, வளி மாசடைதல் என்பது வேற்றூர்ப் பேச்சாகவே தோன்றும். அது டில்லிக்கும் கொழும்புக்கும் உரிய கேடு. எமக்கோ வாவிக் காற்று உண்டு. வாகனங்கள் கக்கும் புகையை அது வாரிக்கொண்டு போய்விடும் என எம்மவர் நம்புவர். இந்நம்பிக்கையே எம் பிள்ளைகளுக்குத் தீங்கு விளைக்கின்றது என்பது எமது கருத்து.

காற்றுக்குக் கொண்டுபோகவும் தெரியும், கொண்டுவரவும் தெரியும். 2022 டிசெம்பரில், மாண்டஸ் புயல் எழுந்த வேளையில், இந்தியப் பக்கமிருந்து வந்த மாசு எம் நாட்டு வளியைக் கெடுத்தது. அம்மாதம் 9ஆந் திகதி அரசினர் பாடசாலைகள் மூடப்பட்டன. கடல் கடந்து வந்த மாசுக்கு ஒருநாள் கதவடைத்த நாம், நாள்தோறும் பாடசாலை வாயிலில் எழும் புகைக்கு என் செய்கின்றோம்?

மிக்கேல் கல்லூரி, மெதடிஸ்த மத்திய கல்லூரி, சிசிலியா பெண்கள் கல்லூரி என இச்சிறு தீவினுள் கல்விக்கூடங்கள் பல நெருங்கி நிற்கின்றன. 1924இல் எழுந்த கல்லடிப் பாலத்தின் அருகே 2013இல் அகன்ற புதுப்பாலம் வந்தது. பாலம் அகன்றது, தீவின் தெருக்கள் அகலவில்லை. காலை மணி அடிக்குமுன் அத்தெருக்களில் மோட்டார் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் வானும் இயந்திரம் ஓயாமலே காத்து நிற்கின்றன. காற்றசையாத வேளையில், இருபுறத்து மதில்களுக்கிடையே, புகை அங்கேயே தங்கிவிடுகின்றது. புகைக்குழாயின் உயரத்துக்கு அண்மையில் இருப்பது சிறுவரின் மூக்கேயன்றோ!

2.5 மைக்கிரோமீற்றருக்கும் சிறிய துணிக்கைகள் சுவாசப்பையின் ஆழத்தை எட்டுவன. இவற்றின் ஆண்டுச் சராசரி ஒரு கன மீற்றர் வளியில் 5 மைக்கிரோகிராமுக்கு மேற்படலாகாது என உலக சுகாதார ஸ்தாபனம் 2021இல் வரையறுத்தது. எம் நாடு 2008இல் வகுத்த எல்லையோ 25. டீசல் புகை புற்றுநோய் விளைப்பதென்பதும் 2012இல் உறுதிசெய்யப்பட்டது.

இதற்குப் பரிகாரம் இல்லையெனச் சோர்தல் தகாது. 2002இல் பெற்றோலிலிருந்து ஈயத்தை நீக்கிய நாடு இது. பின்னர் வாகனப் புகைப் பரிசோதனையும் வந்தது. ஆயினும், பரிசோதனையில் தேறிய வண்டியும் வாயிலில் உறுமிக்கொண்டு நின்றால் நஞ்சையே உமிழும். அதை நிறுத்தச் சட்டம் வேண்டியதில்லை. சாவியைத் திருப்பும் விரல் போதும்.

தொலைவிலிருந்து வருவோர்க்கும் மாரி மழைக்கும் வாகனம் வேண்டுமே என்பர். வேண்டும்; மறுப்பாரில்லை. வாயிலுக்கு இருநூறு அடி முன்னரே நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, பிள்ளையை நடக்கவிடலாமே என்பதே எமது வேண்டுகோள். 2022இல் எரிபொருள் அருகியபோது துவிச்சக்கர வண்டியை நாடினோம். அருமை தீர்ந்ததும் அதனை மூலையிற் சாத்தினோம். வறுமை கற்பித்த நல்வழக்கத்தை வளத்திலும் பேணுதல் அறிவுடைமை.

விழாக் காணும் கல்லூரிக்கு மண்டபமும் நூலகமும் அளிப்பது பழைய மாணவர் மரபு. இம்முறை அவற்றோடு மற்றொன்றும் அளிப்போம்: பள்ளிவேளையில் வாகனப் புகையற்ற வாயில். பொருட்செலவில்லாத இக்கொடையை, விழாவுக்கு வண்டியில் வரும் பழைய மாணவராகிய நாமே முதலில் தொடங்குவோமாக.