பன்னிரண்டு வருஷ அனுபவம்

"எனக்குக் கார் ஓட்டிப் பன்னிரண்டு வருஷ அனுபவம் இருக்கு தம்பி" என்று சொன்னேன். மாடி வீட்டுப் பையன் மரியாதையாகத் தலையாட்டினான்.

"அப்ப கொஞ்சம் கஷ்டம்தான் அங்கிள்" என்றான்.

விஷயம் இதுதான். சிதம்பரத்தில் இருக்கும் என் மாமனாருக்கு முழங்காலில் ஆபரேஷன். தினமும் நடக்க வேண்டும், புல்லட்டை உதைக்கக் கூடாது என்று டாக்டர் இரண்டு உத்தரவு போட்டார். முதல் உத்தரவுக்குத் தலையாட்டிய மாமனார், இரண்டாவதற்குக் கண் கலங்கிவிட்டார். அது திருவொற்றியூர் தொழிற்சாலையில் பிறந்த பழைய வண்டி. என் மனைவியைவிட வயதில் மூத்தது. வீட்டில் அதற்குத்தான் முதல் மரியாதை.

"விக்க மனசு வரல மாப்ள. நீங்க எடுத்துக்குங்க" என்றார்.

குடும்பமே பார்த்துக்கொண்டிருக்கும்போது என்ன சொல்வது? "அதுக்கென்ன மாமா!" என்று சொல்லிவிட்டேன். எனக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது என்பது அந்தக் கூடத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் பத்து வருஷமாகக் கடலூரில் ஸ்கூட்டர் ஓட்டுகிறவள். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அது எப்படி ஐயா தெரியாமல் போகும் என்று கேட்பீர்கள். பி.காம். படிக்கும் வரை சைக்கிள். முடித்ததும் சேர்ந்த கம்பெனியில் வசூலுக்குப் போகக் காரைக் கொடுத்துவிட்டார்கள். நடுவில் இருந்த ஒரு படியைத் தாண்டிக் குதித்த ஆசாமி நான்.

அரசாங்கம் என் அனுபவத்தை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. கார் லைசென்ஸ் காருக்கு மட்டும்தான். கியர் வைத்த மோட்டார் சைக்கிளுக்குப் புதிதாக எல்.எல்.ஆர். எடுத்து, முப்பது நாள் காத்திருந்து, ஓட்டிக் காட்ட வேண்டும். காதோரம் நரை எட்டிப் பார்க்கிற வயதில், வண்டியில் சிவப்பு 'எல்' ஒட்டிக்கொண்டு மஞ்சக்குப்பம் மைதானத்துக்குப் போனேன். மாடி வீட்டுப் பையனின் நூறு சி.சி. வண்டி. கல்லூரி இரண்டாம் வருஷம் படிக்கிற அவன்தான் குரு.

காரில் கிளட்ச் இடது காலில், கியர் இடது கையில். பைக்கில் கிளட்ச் இடது கையில், கியர் இடது காலில்! ஆக்ஸிலேட்டர் காலிலிருந்து கைக்கு வந்துவிட்டது. காமர்ஸ் படித்தவனுக்கு இது எப்படி இருக்கும் தெரியுமா? இருபது வருஷம் கணக்கு எழுதினவனிடம், நாளையிலிருந்து பற்றை வரவிலும் வரவைப் பற்றிலும் எழுது என்று சொன்ன மாதிரி. மூளைக்குப் புரிகிறது. கை கால்களுக்குத் தகவல் போய்ச் சேரவில்லை. முதல் நாள் வண்டி ஏழு தடவை ஆஃப் ஆனது. எட்டாவது தடவை ஆஃப் ஆகாமல், கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பசங்களின் ஸ்டம்ப்பை நோக்கிப் போனது. அவர்கள் அவுட் கொடுத்தார்கள்.

பிரேக் இன்னொரு கூத்து. காரில் ஒரு மிதி மிதித்தால் நாலு சக்கரமும் நிற்கும். எந்தச் சக்கரம் எவ்வளவு பிடிக்கிறது என்பது நம் கவலை இல்லை. பைக்கில் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. முன் பிரேக்கைத் தொட்டால் தலைகுப்புற விழுவோம் என்று சின்ன வயதில் யாரோ சொன்னதை நம்பி, பின் பிரேக்கையே மிதித்துக்கொண்டிருந்தேன்.

"அங்கிள், பிரேக் போட்டா வெயிட்டெல்லாம் முன்னாடி வந்துடும். முன் சக்கரம்தான் தரையை நல்லாப் பிடிக்கும். பின்னாடி லேசாத் தூக்கும். அதை மட்டும் மிதிச்சா வழுக்கும். ரெண்டையும் சேர்த்துப் போடுங்க. முன்னாடி சடக்குனு பிடிக்காதீங்க, பிழியற மாதிரி பிடிங்க" என்றான். சின்னப் பையன் சொன்னாலும் பெரிய விஷயம். நம்மைப் போன்றவர்களை நம்பிப் பிரயோஜனமில்லை என்றுதான், 2019 ஏப்ரலிலிருந்து 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏ.பி.எஸ்.ஸும் சின்ன வண்டிகளுக்கு இரண்டு பிரேக்கையும் இணைக்கிற ஏற்பாடும் கட்டாயமாக்கப்பட்டன.

திருப்புவது அதைவிட வேடிக்கை. கொஞ்சம் வேகம் பிடித்த பிறகு, வலது பக்கம் போக வேண்டுமானால் வலது கைப்பிடியை லேசாக முன்னால் தள்ள வேண்டும். அதாவது, ஹேண்டில்பார் ஒரு கணம் இடது பக்கம் திரும்புகிறது. வண்டி வலது பக்கம் சாய்ந்து திரும்புகிறது. நான் நம்பவில்லை. விமானம் கண்டுபிடித்த ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடைக்காரர்கள். மூத்தவர் வில்பர் டஜன் கணக்கான சைக்கிள்காரர்களிடம் எப்படித் திருப்புகிறீர்கள் என்று கேட்டுப் பார்த்தாராம். முதல் கேள்வியில் ஒருத்தர்கூடச் சரியாகச் சொல்லவில்லை. எல்லோரும் செய்கிறார்கள், செய்வது யாருக்கும் தெரியவில்லை. சிறு வயதில் நானும் அதைச் செய்துதான் சைக்கிள் ஓட்டியிருக்கிறேன். பன்னிரண்டு வருஷம் ஸ்டியரிங் பிடித்ததில் உடம்புக்கு மறந்துவிட்டது.

எட்டுப் போடுவதில்தான் கண் திறந்தது. தரையைப் பார்த்தால் தரைக்குப் போகிறோம். போக வேண்டிய இடத்தைப் பார்த்தால் வண்டி தானாகப் போகிறது. முப்பது நாள் கழித்துக் காலை ஊன்றாமல் எட்டுப் போட்டு பாஸ் செய்தேன். பி.காம். ரிசல்ட் வந்த அன்றுகூட இப்படிச் சிரித்ததில்லை என்றாள் மனைவி. (அன்று சிரிக்கிற மார்க் வரவில்லை என்பது வேறு விஷயம்.)

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அதே நூறு சி.சி.யை இரவல் வாங்கிக்கொண்டு சிதம்பரத்துக்குக் கிளம்பினேன். காரில் பலநூறு தடவை போன ரோடு. ஆனால் பைக்கில் அது வேறு ரோடு. முதுநகர் தாண்டியதும் சிப்காட் வாசனை முகத்தில் அடித்தது. எதிரே வந்த பஸ், காற்றாலேயே ஒரு தள்ளு தள்ளியது. காரில் போகும்போது கண்ணில்கூடப் படாத மணல், இங்கே எமன் அனுப்பிய அழைப்பிதழ்.

ஆலப்பாக்கம் தாண்டிப் புதுச்சத்திரம் பக்கம். இடது பக்கச் சந்திலிருந்து ஒரு கார் மூக்கை நீட்டியது. ஓட்டியவர் என்னைப் பார்த்தார். என் முகத்தைத்தான் பார்த்தார். பார்த்துவிட்டு நேராக ரோட்டுக்கு வந்தார்.

இரண்டு பிரேக்கையும் பிழிந்தேன். பம்பருக்கும் என் முழங்காலுக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்கும். அவர் கண்ணாடியை இறக்கினார். முகம் வெளுத்திருந்தது.

"சத்தியமாப் பார்க்கலை சார்" என்றார்.

திட்ட வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டேன். எனக்கு லாரன்ஸ் ரோடு ஞாபகம் வந்துவிட்டது.

நாலு வருஷத்துக்கு முன்னால், திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டில் காரை நிறுத்திக் கதவைத் திறந்தேன். டிவிஎஸ் ஃபிஃப்டியில் பூக்கூடை கட்டிக்கொண்டு வந்த பெரியவர் கதவில் மோதி விழுந்தார். மல்லிகையெல்லாம் ரோட்டில். அவர் முழங்கையில் ரத்தம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பார்த்து வரக் கூடாதாய்யா?" அவர் பதிலே சொல்லவில்லை. ஒரு கையால் பூவை அள்ளிக்கொண்டிருந்தார். நான் கதவில் கீறல் விழுந்ததா என்று பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து, எனக்கு மட்டும்தான் இப்படியா என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்று ஒருவர் லாஸ் ஏஞ்சல்ஸில் சுமார் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்து 1981-ல் அறிக்கை கொடுத்தார். இன்னொரு வண்டியோடு நடந்த மோதல்களில் மூன்றில் இரண்டு பங்கு, அந்த இன்னொரு வண்டிக்காரர் குறுக்கே வந்ததால். முக்கியக் காரணம், பைக்கை அவர் பார்க்கவில்லை, அல்லது ரொம்பத் தாமதமாகப் பார்த்தார். பொய்யில்லை. கண் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் தாவும் நேரத்தில் நமக்குச் சரியாகப் பார்வை கிடையாது. மூளை இட்டுக் கட்டி நிரப்பிக்கொள்கிறது. போதாததற்கு, காரின் முன் கண்ணாடி ஓரத்துத் தூண் ஒரு பைக்கையே முழுசாக மறைத்துவிடும். காரைத் தேடுகிற கண்ணுக்குக் கார்தான் தெரியும்.

2017 ஏப்ரலிலிருந்து புது பைக்குகளில் பகலிலும் ஹெட்லைட் எரிகிறதே, இதற்காகத்தான். எத்தனை பேரிடம் காருக்குள்ளிருந்து விரலை மூடித் திறந்து 'லைட் எரியுது' என்று சைகை காட்டியிருப்பேன்! 'நான் இங்கே இருக்கிறேன்' என்று அவன் கத்துகிறான்; நான் வாயை மூடு என்கிறேன். 2022-ல் இந்திய ரோடுகளில் செத்துப்போனவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு நாற்பத்து நாலு பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் போனவர்கள்.

இப்போது கார்க் கதவை இடது கையால் திறக்கிறேன். கை குறுக்கே போனால் உடம்பு தானாகத் திரும்பி, கண் பின்னால் போகிறது. டச்சு முறை என்கிறார்கள். ஒரு விநாடி வேலை. அந்தப் பெரியவரை லாரன்ஸ் ரோட்டில் நாலைந்து தடவை தேடிவிட்டேன். கண்ணில் படவில்லை.

சரி, சிதம்பரத்துக்கு வருவோம். வெள்ளாற்றுப் பாலம் தாண்டி, வடக்கு வீதிக்குப் பக்கத்தில் இருக்கும் மாமனார் வீட்டு வாசலில் போய் இறங்கினேன். மாமனார் கைத்தடியோடு நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் துடைத்து வைத்த புல்லட்.

ஏறி உட்கார்ந்து குனிந்து பார்த்தேன். கியர் வலது காலில் இருந்தது. பிரேக் இடது காலில்! பழைய புல்லட் அப்படித்தானாம். முதல் கியர் மேலே, மற்றதெல்லாம் கீழே. அதாவது, பயந்துபோய் என் கார்க் கால் 'பிரேக்' என்று வலதில் ஓங்கி மிதித்தால், வண்டி நிற்காது. அடுத்த கியருக்குப் போகும்.

மறுபடியும் பற்று, வரவு!

"எத்தனை வருஷமா ஓட்டறீங்க மாப்ள?" என்று கேட்டார் மாமனார்.

பன்னிரண்டு என்று நாக்கு நுனி வரை வந்தது.

"ஒரு மாசம்தான் ஆச்சு மாமா. நீங்கதான் சொல்லித் தரணும்" என்றேன்.

டாக்டர் சொன்ன நடைப் பயிற்சியை மாமனார் இப்போது ஒழுங்காகச் செய்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் புல்லட்டுக்குப் பின்னாலேயே, "மாப்ள, இடது கால்... இடது கால்!" என்று கத்திக்கொண்டு.