ஏட்டுச் சுரைக்காயும் ஏரி மீனும்

முரட்டுக் குதிரையைப் பழக்குவதும், ஓடுகிற கன்றைக் கயிறு வீசிப் பிடிப்பதும் அமெரிக்காவில் மாடு மேய்ப்பவர்களின் பிழைப்பு. அதிலிருந்து பிறந்த விளையாட்டுக்கு ‘ரோடியோ’ என்று பெயர். டெக்ஸாஸ் மாநிலத்துக் கல்வியாளர் கிளாட் மல்லின்ஸ் அதை உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உரியதாக்க முனைந்தார். 1949-இல் ஹாலட்ஸ்வில் என்ற சிற்றூரில் முதல் தேசியப் போட்டி நடந்தது. அதை நடத்தும் சங்கம் இன்று கனடா, ஆஸ்திரேலியா வரை பரவியிருக்கிறது. பெண்களும் போட்டியிடுகிறார்கள். ஆனால் ஒரு நிபந்தனை: பாடத்தில் தேறாதவனுக்குக் களத்தில் இடமில்லை.

அந்த விளையாட்டை மிருகவதை என்று சாடுகிறவர்கள் உண்டு. அவர்கள் பக்கம் நியாயமும் உண்டு. என் வழக்கு மாட்டைப் பற்றியதல்ல, பள்ளிக்கூடத்தைப் பற்றியது. பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவந்த வித்தையை அந்தப் பள்ளிக்கூடம் வாசலிலேயே கழற்றி வைக்கச் சொல்லவில்லை.

இனிப் பழவேற்காட்டுக்கு வாருங்கள். சில்காவுக்கு அடுத்தபடியாக இந்நாட்டின் பெரிய உப்பு நீர் ஏரி அது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற குப்பங்களில் ‘பாடு’ என்றொரு ஏற்பாடு உண்டு. எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை விரிப்பது என்பதை முறை வைத்துத் தீர்மானிப்பார்கள். எல்லாச் சாதியாருக்கும் அதில் பங்கு கிடையாது. அந்தக் குறையை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் பொதுச் சொத்தைச் சண்டையில்லாமல் பங்கிட்டுக் கொள்ளும் சட்டம் ஒன்றைப் படிக்காத பாட்டன்மார் வகுத்து வைத்தார்கள். நம் குடிமைப் பாடநூலில் இதற்கு ஒரு பக்கமாவது உண்டா?

வாடைக் காற்றையும் கொண்டலையும் முகத்தில் பட்டதுமே பிரித்துச் சொல்லும் பையன் வகுப்பில் மக்கு. அவன் சட்டையில் மீன் வாடை. பக்கத்துப் பையன் மூக்கைப் பொத்துகிறான். ‘படிக்காவிட்டால் வலை இழுக்கத்தான் போவாய்’ என்று உபாத்தியாயர் பயமுறுத்துகிறார். அவன் தகப்பன் செய்யும் தொழிலே அவனுக்குத் தண்டனையாகக் காட்டப்படுகிறது. பிறகு அவன் பள்ளியை விட்டு நின்றுவிட்டான் என்று ஆச்சரியப்படுவானேன்?

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மாணவர்கள் மெரினாவில் திரண்டபோது, ‘நம் பண்பாடு’ என்று நாமும் மார் தட்டினோம். வாடிவாசலுக்குக் கிடைத்த மரியாதை வலைக்குக் கிடைக்காதது ஏன்?

‘மீன் பிடிக்கக் கற்றுக்கொள்ளவா பள்ளிக்கூடம்?’ என்பார்கள் படித்த பெரியவர்கள். அதற்கில்லை, ஐயா. ஏரியைச் சுற்றியுள்ள பள்ளிகளுக்குள் ஆண்டுக்கொருமுறை படகும் வலையும் போட்டியாகட்டும். துடுப்புப் போடுதல், வலை முடைதல், நீந்தி ஆளைக் கரை சேர்த்தல், எல்லாவற்றுக்கும் பரிசு கொடுங்கள். பெண் பிள்ளைகளையும் எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மிதவைச் சட்டை போடாதவனையும், வகுப்புக்கு வராதவனையும் மட்டும் சேர்க்காதீர்கள். படகா, புத்தகமா என்று பிள்ளையைத் திண்டாட விடாமல், படகுக்காகவே புத்தகத்தை எடுக்கச் செய்யுங்கள்.

இது வெறும் விளையாட்டல்ல. ஏரியின் முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோகிறது. தெற்கே காட்டுப்பள்ளியில் துறைமுகம் எழுந்துவிட்டது. அதிகாரிகள் வரைபடத்தை விரித்துப் பேசும்போது எதிரே உட்கார்ந்து பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். ஏடு மட்டும் தெரிந்தவனுக்குத் தண்ணீர் தெரியாது. தண்ணீர் மட்டும் தெரிந்தவனின் பேச்சு அந்த அறையில் எடுபடாது. இரண்டும் தெரிந்தவனை வளர்க்காத பள்ளிக்கூடம் அந்தக் கரையில் யாருக்காக இருக்கிறது?