படம் யாருக்காக?

விஞ்ஞானம் தந்த வசதிகளுள் பள்ளி மாணவியரின் கைக்கு எட்டிவிட்டவற்றில் படத்தொகுப்பும் ஒன்று. முன்பெல்லாம் ஆண்டு விழாவைப் படம் பிடிக்க வேண்டுமானால் ஊரிலுள்ள ஸ்டூடியோக்காரர் பெரிய காமிராவுடன் வருவாராம்; விளக்கைத் தூக்கிப் பிடிக்க ஓர் ஆள் உடன் வருவாராம்; சில வாரங்கள் கழித்து ஒரு காசெட் அலுவலகத்துக்கு வந்து சேருமாம். இன்று அதே வேலையை ஒன்பதாம் வகுப்புத் தங்கையர் ஒரு கைப்பேசியையும் ஒரு மடிக்கணினியையும் வைத்துக்கொண்டு செய்துவிடுகின்றனர். கே-டென்லைவ், ஷாட்கட், ஓப்பன்ஷாட் முதலிய மென்பொருள்கள் காசின்றியே கிடைக்கின்றன. விருப்பமும் பொறுமையும் இருந்தால் போதும்.

எந்தக் காட்சியை எங்கே வெட்டுவது, எந்த இசையை எங்கே சேர்ப்பது என்று நாம் மணிக்கணக்காக வாதாடுகிறோம். ஆனால் இறுதியில் அழுத்துகின்ற அந்த 'ஏற்றுமதி' என்ற பொத்தானைப் பற்றியோ, அதன்பின் அப்படம் யார் யார் கைக்குப் போகிறது என்பதைப் பற்றியோ பேசுவோர் அரியர். வேலை முடிந்தது என்று எல்லோரும் எழுந்து போகும் நேரம் அது! படம் எடுத்தவர்களின் பொறுப்பு அங்கேதான் பெரிதாகிறது என்பது எங்கள் கருத்து. யாருக்காக எடுத்தோமோ அவர்களால் பார்க்கக்கூடிய வடிவில் அதைக் கொடுக்க வேண்டும். அவர்களுக்கு மட்டுமே கொடுக்கவும் தெரிய வேண்டும்.

ஏற்றுமதி என்றவுடன் நம் மனக்கண் முன் தூத்துக்குடித் துறைமுகமும் பெட்டி பெட்டியாய்ச் சரக்கும் வந்து நிற்கும். கணினிச் சொல்லுக்கு இப்படியொரு தமிழாக்கமா என்று சிரித்த தோழியரும் உண்டு. எங்களுக்கென்னவோ அச்சொல் பொருத்தமாகவே படுகிறது. எந்தத் துறைமுகத்துக்கு, யார் பெயருக்கு என்று எழுதாமல் எந்த வியாபாரியும் சரக்கைக் கப்பலேற்ற மாட்டார் அல்லவா?

முதலில் ஏற்றுமதி எதற்காக என்பதைப் பார்ப்போம். தொகுக்கும்போது நாம் சேமிக்கின்ற கோப்பில் பெரும்பாலும் படமே இராது. எந்தக் காட்சி கணினியில் எங்கே இருக்கிறது, எத்தனையாவது வினாடியில் தொடங்கி எத்தனையாவது வினாடியில் முடிகிறது என்னும் குறிப்புகள் மட்டுமே அதில் இருக்கும். சமையற்குறிப்பு இருந்தால் சாதம் ஆகிவிடுமா? வீட்டில் தொகுத்துவிட்டு அந்தச் சிறு கோப்பை மட்டும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வருகின்ற பிள்ளைகள் உண்டு. திறந்தால், காட்சிகளைக் காணவில்லை என்று கணினி கைவிரித்துவிடும். ஏற்றுமதி செய்யும்போதுதான் அக்குறிப்புகளின்படி காட்சிகளும் ஒலியும் எழுத்துகளும் ஒன்றாய் வெந்து, எந்த மென்பொருளும் இல்லாதவர் வீட்டிலும் ஓடக்கூடிய ஒரே படமாகின்றன.

அப்போது மென்பொருள் பல கேள்விகளைக் கேட்கும். வடிவம் என்ன, அளவு என்ன, வினாடிக்கு எத்தனை பிட் என்று அது கேட்பதைக் கண்டு மிரண்டு, இருப்பதிலேயே பெரிய எண்ணைத் தேர்ந்தெடுத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. பெரிதாக இருந்தால் நன்றாக இருக்கும் என்ற எண்ணந்தான். கணக்கோ மிகவும் எளிது. வினாடிக்கு 8 மெகாபிட் என்றால் 1 மெகாபைட். ஒரு நிமிடத்துக்கு 60 மெகாபைட். இருபது நிமிடப் படம் 1,200 மெகாபைட் ஆகிறது. முழு உயர் தெளிவுப் படத்துக்கு இது நல்ல அளவே. பள்ளி மண்டபத்துத் திரையில் அழகாகத் தெரியும். ஆனால் கிராமத்தில் சிறிய கைப்பேசி ஒன்றை வைத்துக்கொண்டு, நாளுக்கு இத்தனை என்று அளந்து இணையத்தைச் செலவிடுகின்ற ஒரு தாய் இதை எப்படி இறக்கிப் பார்ப்பார்? அதே படத்தை 720 வரிகளாகக் குறைத்து, வினாடிக்கு 2 மெகாபிட் வைத்தால் 300 மெகாபைட்டில் அடங்கிவிடும். கைப்பேசித் திரையில் வேற்றுமை பெரிதாகத் தெரியாது. மகளின் முகம் தெரியும். அந்த அம்மாவுக்கு அது போதாதா?

வடிவத்தைப் பொறுத்தவரை, 2003 ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட எச்.264 முறையில் சுருக்கிய எம்.பி.4 கோப்பையே நாங்கள் பரிந்துரைப்போம். 2013 இல் வந்த எச்.265 இன்னும் சிறியதாகச் சுருக்கும் என்பது உண்மைதான். ஆயினும் பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளும் பழைய கைப்பேசிகளும் அதைத் திறக்க மறுப்பதுண்டு. நம் பாட்டிமார் வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் பழைய பெட்டிகளே. பென் டிரைவிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இரண்டு மணி நேர விழாவை மேற்சொன்ன 8 மெகாபிட் கணக்கில் முழுமையாக ஏற்றுமதி செய்தால் 7,200 மெகாபைட் வரும். எஃப்.ஏ.டி.32 என்னும் பழைய முறையில் அமைக்கப்பட்ட பென் டிரைவ், உள்ளே எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும், 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட தனிக்கோப்பை ஏற்காது. விழாவை மூன்று பாகமாகப் பிரித்துக் கொடுத்தால் சிக்கல் தீர்ந்தது.

வாட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் அனுப்பினால் படம் மீண்டும் ஒருமுறை நசுக்கப்படுகிறது. பரத நாட்டியம் ஆடும் பெண்ணின் விரல்களெல்லாம் கட்டம் கட்டமாகக் கலைந்து போவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதையே 'ஆவணம்' என்று இணைத்து அனுப்பினால் உள்ளபடியே போய்ச் சேரும். 2022 ஆம் ஆண்டு முதல் 2 ஜிகாபைட் வரையிலான கோப்புகளை அவ்வாறு அனுப்ப இடமளித்துள்ளனர்.

இவையெல்லாம் ஒரு மாலைப்பொழுதில் கற்றுக்கொள்ளக் கூடியவை. எங்கள் மனத்தை உறுத்துவது வேறொன்று. ஏற்றுமதிப் பொத்தானுக்குப் பக்கத்திலேயே பல மென்பொருள்களில் 'பகிர்' என்ற பொத்தானும் இருக்கிறது. இரண்டும் அருகருகே இருப்பதாலேயே இரண்டும் ஒரே வேலை என்ற மயக்கம் நமக்கு வந்துவிட்டது. படம் தயாரானதும், சூடு ஆறுமுன்னே, யூடியூபில் உலகமே பார்க்கும்படி ஏற்றிவிடுகிறோம்.

சற்றே எண்ணிப் பாருங்கள் தோழியரே! அந்தப் படத்தில் நடனமாடுகிறவர்கள் நூறு பேர் இருக்கலாம். பெயர் அச்சிட்ட அடையாள அட்டை கழுத்தில் தொங்க, பள்ளியின் பெயர் பின்னாலுள்ள பதாகையில் தெரிய, ஒவ்வொருத்தியும் இன்ன ஊரில் இன்ன வகுப்பில் படிக்கிறாள் என்று முன்பின் அறியாத எவரும் தெரிந்துகொள்ளலாம். நம்மைப் போன்ற பள்ளிகளின் விடுதிகளில், குடும்பச் சண்டைக்கும் குடிக்கும் அஞ்சி, தாய் தன் மகளைக் கன்னியரின் பாதுகாப்பில் விட்டுச் செல்வதும் உண்டு. அவள் எங்கிருக்கிறாள் என்று சிலருக்குத் தெரியாமல் இருப்பதே அவளுக்கு அரண். குழு நடனத்தில் மூன்றாம் வரிசையில் நின்று சிரிக்கும் அவள் முகம் அந்த அரணைத் திறந்துவிடாதா? ஒருத்தியின் முகத்தை எடுத்து வேறோர் உடலில் ஒட்டும் தீய வித்தையும் இன்று எவருக்கும் எளிதாகிவிட்டது. ஏற்றியதை நாம் நீக்கலாம். அதற்குள் இறக்கி வைத்துக்கொண்டவனின் கணினியிலிருந்து நீக்க நம்மால் ஆகாது.

"பள்ளியின் பெருமை நான்கு பேருக்குத் தெரிய வேண்டாமா? திறமையைக் குடத்திலிட்ட விளக்காக வைப்பதா?" என்று கேட்போர் உள்ளனர். நியாயமான கேள்வியே, நாங்களும் கைத்தட்டலை விரும்பாதவர்கள் அல்லர். ஆனால் மேடையில் ஆட ஒப்புக்கொண்ட பெண், மண்டபத்தில் அமர்ந்திருக்கும் பெற்றோர் முன்னால் ஆடத்தான் ஒப்புக்கொண்டாள். சட்டமும் இந்த எல்லையை அறிந்தே இருக்கிறது. 1957 ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, கல்வி நிறுவனத்தின் நிகழ்ச்சிகளில் ஆசிரியரும் மாணவரும் பிறர் படைப்புகளை நிகழ்த்த இடங்கொடுக்கிறது. அங்கே ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டுவதென்றால், பார்ப்போர் ஆசிரியர், மாணவர், பெற்றோர், அந்நிகழ்ச்சியோடு தொடர்புடையோர் என்ற வட்டத்துக்குள் இருக்க வேண்டுமென்கிறது. சினிமாப் பாட்டுக்கு ஆடிய நடனத்தை யூடியூபில் ஏற்றினால் இசை நிறுவனத்தின் உரிமைக் கோரிக்கை வந்து நிற்பதன் காரணம் இப்போது விளங்கும். 2023 ஆம் ஆண்டில் நிறைவேறிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்றே கொண்டு, பெற்றோரின் ஒப்புதலை வற்புறுத்துகிறது. பாட்டுக்கு உரிமை கேட்க ஆள் இருக்கிறது. முகத்துக்கு உரியவளை மட்டும் யாரும் கேட்பதில்லை.

அப்படியானால் பகிரவே கூடாதா? அவ்வாறு நாங்கள் சொல்லவில்லை. தொலைக்காட்சியின் பாதுகாவலி யார் தெரியுமா? அசிசி நகரின் புனித கிளாரா! நோயுற்றுப் படுத்திருந்த அவருக்கு, கிறிஸ்து பிறப்பு இரவில், தாம் செல்ல இயலாத ஆலயத்தின் வழிபாடு படுக்கையிலிருந்தே காணவும் கேட்கவும் அருளப்பட்டது என்பது மரபு. அதனால் 1958 ஆம் ஆண்டில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைத் தொலைக்காட்சிக்குப் பாதுகாவலியாக அறிவித்தார். வர முடியாதவருக்குப் படம் போய்ச் சேர வேண்டும் என்பதே எங்கள் விருப்பமும். துபாயில் வேலை பார்க்கும் அப்பா, பக்கவாதத்தில் படுத்துவிட்ட பாட்டி, அன்று விடுப்புக் கிடைக்காத அம்மா ஆகியோரே நம் பார்வையாளர்கள். இவர்களுக்காகவே நாம் இரவு கண்விழித்துத் தொகுக்கிறோம்.

வழி இருக்கிறது. ஒரே தொகுப்பிலிருந்து எத்தனை பிரதிகள் வேண்டுமானாலும் ஏற்றுமதி செய்யலாம். முகங்கள் உள்ள முழுப் படத்தைப் பென் டிரைவிலோ, யூடியூபில் 'தனிப்பட்டது' என்று வைத்து அழைக்கப்பட்டவர் மட்டும் காணும்படியோ வீடுகளுக்குக் கொடுக்கலாம். 'பட்டியலிடப்படாதது' என்ற பிரிவை நம்பாதீர்கள். இணைப்பு கையில் கிடைத்த எவரும் அதைத் திறக்கலாம். வாட்ஸ்அப் குழுவும் வேலியில்லாத் தோட்டமே. ஊர் பார்க்க வேண்டியதற்கு இரண்டு நிமிடத்தில் வேறொரு பிரதி செய்யலாம்: கோலமிடும் கைகள், சலங்கை கட்டிய பாதங்கள், அறிவியல் கண்காட்சியின் மாதிரிகள், மண்டபம் நிறைந்த கைத்தட்டலின் ஒலி. முகமில்லாப் படம் சுவைக்காது என்று எண்ணுவோர் ஒருமுறை தொகுத்துப் பார்க்கட்டும். முழுப் படத்தைவிட அதற்குத்தான் அதிகத் திறமை வேண்டும்.

மூலப்பிரதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1931 ஆம் ஆண்டில் டி.பி. ராஜலட்சுமி நடித்து வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமாகிய 'காளிதாஸ்' இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. ஒரு பிரதியும் எஞ்சவில்லை. அத்தனை பெரிய படத்துக்கே அக்கதி என்றால், யாரோ ஓர் அக்காவின் மடிக்கணினியில் மட்டும் இருக்கும் நம் விழாப் படம், அவள் பள்ளியை விட்டுப் போனபின் என்னவாகும்? உயர்ந்த தரத்தில் ஏற்றுமதி செய்த ஒரு பிரதி பள்ளி அலுவலகத்திலும், மற்றொன்று நூலக அலமாரியிலும், ஆண்டு எழுதிய உறையில் இருக்கட்டும்.

தலைமைச் சகோதரி அவர்களிடம் ஒரு விண்ணப்பம். ஆண்டுத் தொடக்கத்தில் வீட்டுக்கு அனுப்பும் படிவத்தில், "என் மகளின் படத்தைப் பள்ளிக்கு வெளியே காட்டலாம் / காட்ட வேண்டாம்" என்று ஒரு வரி சேர்க்க வேண்டுகிறோம். பெற்றோர் கையொப்பமிடும் இடத்துக்குக் கீழே மகளுக்கும் ஒரு கோடு இருக்கட்டும்.